தாலிக்கு முந்திய தம்பதியர் திட்டம்

யோசிக்காமல் தவறு செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'யோசிக்கவில்லை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் யோசித்து, நன்மை தீமைகளை எடைபோட்டு, சமுதாயத்தின் மீது அதன் விளைவு என்னவாக இருக்கும் என்பதையும் ஆராய்ந்து, அதன் பிறகு தவறு செய்கிறவனுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. நான் இரண்டாவது வகை. சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவன். (படிப்பைக் குறை சொல்லாதீங்க. அது என்ன பண்ணும், பாவம்.)

அப்போது நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் நலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பாகலூர் சாலையில் ஒரு மாடி அறை. ஆவணியில் எனக்கும் யமுனாவுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்தது. அவளுக்குச் சொந்த ஊர் சாமல்பட்டி. ஊத்தங்கரையில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மாந்தோப்பு வைத்திருந்த அவளுடைய அப்பாவை நான் அப்போதே மாமா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். கல்யாணம் தை மாதத்தில். இடைப்பட்ட மாதங்களைக் கடப்பதற்கு எங்களிடம் செல்போனைத் தவிர வேறு வாகனம் இல்லை.

மாலையில் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். ஓசூருக்கே உரிய அந்த மெல்லிய குளிர் கழுத்தோரம் வந்து உட்காரும். தொழிற்பேட்டை விளக்குகள் பனியில் கரைந்து, யாரோ மஞ்சள் பொடியைத் தண்ணீரில் தூவியதுபோல் தெரியும். யமுனா தன் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டே நடப்பேன். அந்த மாடியின் கிழக்குச் சுவரோரம் நின்றால் தமிழ்நாட்டு டவர். மேற்குச் சுவருக்குப் போனால் கர்நாடகம். பேச்சு இனிக்க இனிக்க என் கால்கள் தாமாக மேற்கே நகர்ந்துவிடும். அவள் ஏதோ ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொல்லப்போகும் சரியான இடத்தில் இணைப்பு அறுந்துபோகும். மறுபடி அழைத்தால், கன்னடத்தில் ஒரு பெண் மிகுந்த அன்போடு ஏதோ சொல்வாள். அவளையும் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த மாதங்களில் எல்லாக் குரலும் எனக்கு இனிமையாகவே இருந்தது.

இனிமையைக் கெடுத்தது ரீசார்ஜ். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. இரண்டும் வெவ்வேறு நாளில் முடியும். அதைவிட என்னை வருத்தியது, இருபத்தெட்டு நாளை ஒரு மாதம் என்று இவர்கள் கணக்கிடுகிற அநீதி. சூரியனும் சந்திரனும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாதத்தைச் சுருக்கும் அதிகாரத்தை இவர்களுக்கு யார் அளித்தது என்று ஒரு நாள் யமுனாவிடம் அரைமணி நேரம் விளக்கினேன்.

"அதுக்கென்னங்க இப்ப," என்றாள். "முடிஞ்சா நான் போட்டுக்கறேன்."

நான் அப்படி விட்டுவிடவில்லை. இருவருக்கும் ஏற்ற, செலவு குறைந்த, மனச்சாட்சியையும் உறுத்தாத ஒரு திட்டத்தைத் தேடினேன். மிக மலிவான திட்டத்தில் பேசலாம், முகம் பார்க்க முடியாது. பொதுத்துறையை ஆதரிப்பது குடிமகனின் கடமை என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் அரசு நிறுவனத்தின் சிக்னல் சாமல்பட்டியில் தோப்பின் கடைசி மரத்தடியில் மட்டுமே கிடைத்தது. தினமும் அந்தி நேரத்தில் யமுனா அங்கே போய் நின்றால் அவள் அம்மா, அதாவது என் அத்தை, என்ன நினைப்பார் என்ற விளைவையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் கண்டுபிடித்தேன். இரண்டு எண், ஒரே பில், இருவருக்கும் பொதுவான டேட்டா. அதற்குத் தம்பதியர் திட்டம் என்று பெயர்.

அது எனக்குக் கட்டணச் சலுகையாகத் தெரியவில்லை. ஒரே கிணற்றில் இருவர் நீர் இறைக்கும் காட்சியாகத் தெரிந்தது. அவள் எனக்காக மிச்சம் வைப்பாள். நான் அவளுக்காக மிச்சம் வைப்பேன். மாதக் கடைசியில் கிணறு நிறைந்து கிடக்கும். (இப்ப அந்தக் கிணறு பத்தாம் தேதிக்கே வத்திடுது. அது வேற கதை.)

பாகலூர் சாலையில் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். கடையை நடத்திய பெண்மணி என்னிடம் தமிழிலும், பக்கத்தில் நின்றவரிடம் தெலுங்கிலும், காதோரம் இடுக்கியிருந்த போனில் கன்னடத்திலும் பேசிக்கொண்டே என் விவரங்களைக் கணினியில் ஏற்றினார்.

"ரெண்டாவது நம்பர் உங்களுக்கு என்ன உறவு சார்?"

"நிச்சயம் ஆயிருக்கு."

"அது இதுல இல்ல சார்."

"தை மாசம் கல்யாணம்."

"அப்ப மனைவின்னு போட்டுடறேன்."

"இப்போதைக்கு அவங்க மனைவி இல்லையே. தவறான தகவல் ஆகிடாதா?"

அவர் எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப தங்கச்சின்னு போடட்டுமா சார்?"

நான் ஒதுங்கி நின்று யோசித்தேன். மனைவி என்பது இன்றைக்குப் பொய். தையில் தானாகவே உண்மையாகிவிடும். தங்கை என்பது இன்றைக்கும் பொய், தைக்குப் பிறகோ பெரும் பாவம். இரண்டையும் எடைபோட்டு, "மனைவி" என்றேன். ஓர் அந்நியரிடம் அந்தச் சொல்லை முதன்முதலாகச் சொன்னபோது எனக்கே மெய்சிலிர்த்தது. கடையை விட்டு வெளியே வந்தேனா மிதந்து வந்தேனா தெரியாது. (ஹெல்மெட்டை அங்கேயே வச்சுட்டு வந்துட்டேன்.)

அடுத்த சனிக்கிழமை கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் யமுனாவைப் பார்த்து சிம்மைக் கொடுத்தேன். நகைக்கடை டப்பா ஒன்றில், பஞ்சின் மேல் வைத்துக் கொடுத்தேன். அவள் ஆவலோடு திறந்தாள். "சிம்முங்களா" என்றாள்.

மறுநாள் காலையில் சாமல்பட்டியில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பிறகு யமுனா சொல்லித் தெரிந்துகொண்டேன். அவளுடைய போன் கூடத்தில் சார்ஜில் இருந்தது. அவள் ரவிக்கை அளவு கொடுக்கத் தையற்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். பத்திரிகை வைக்க வேண்டியவர்களில் யார் யார் பெயர் விட்டுப்போயிற்று என்று பார்க்க மாமாவின் அண்ணன் வந்திருந்தார். குடும்பமே அவரைப் பெரியப்பா என்று அழைக்கும். அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. போன் அடித்தது. மாமா எடுத்தார். எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதே அவர் வழக்கம்.

"வணக்கம். திருமதி யமுனாங்களா? உங்க கணவர் உங்களைத் தம்பதியர் திட்டத்துல சேர்த்திருக்காரு. வாழ்த்துகள்."

"கணவரா? நான் அவ அப்பா பேசறேன். அவளுக்கு ஏதும்மா கணவரு?"

அந்தப் பெண் என் பெயரைச் சொன்னாள். "சிஸ்டத்துல மனைவின்னுதான் இருக்கு சார்."

"எப்ப இருந்து?"

"போன புதன்கிழமையில இருந்து சார்."

சிறிது நேரத்தில் மாமா என்னை அழைத்தார். "மாப்ள, ஒரு நடை வந்துட்டுப் போங்க. நேர்ல பேசணும்." அவ்வளவுதான். யமுனாவுக்குச் செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. புதிய சிம் இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். (போன் மாமாவோட சட்டைப்பையில இருந்துச்சு.)

பேருந்தில் ஜன்னலோர இருக்கை. சூளகிரிப் பாறைக்குன்று மேகத்தில் பாதி மறைந்து நின்றது. மாமா எதற்கு அழைத்திருப்பார் என்று இனிமையாகக் கற்பனை செய்தேன். பட்டுப்புடவை நிறம் கேட்கலாம். பந்தலுக்கு வாழை கட்டுவது பற்றி இருக்கலாம். மகன்போல் நினைத்து ஆலோசனை கேட்கிறார் என்று எண்ணியதும் கண் கலங்கியது. கிருஷ்ணகிரியில் இறங்கி ஒரு கிலோ மைசூர்பாகும் நாலு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தில் ஏறினேன்.

பூவும் இனிப்புமாக நான் வாசலில் நின்றபோது, பெரியப்பா மாமாவின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா. புது மாப்பிள்ளை மறுவீட்டுக்கு வந்திருக்கான்."

இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

"உக்காருங்க தம்பி," என்றார் அவர். "ரிஜிஸ்டர் ஆபீசு எது? ஓசூரா, கிருஷ்ணகிரியா?"

கல்யாணத்தைச் சட்டப்படி பதிவு செய்வதில் ஒரு கிராமத்துப் பெரியவருக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமிதம் பொங்கியது. "ஓசூர்தாங்க பெரியப்பா. அரைமணி நேர வேலை. சாட்சிக்கு எங்க ஆபீஸ்லயே ஆளுங்க இருக்காங்க."

மாமா என்னைப் பார்க்காமல், மைசூர்பாகுப் பெட்டியைப் பார்த்தபடி பேசினார்.

"ஊத்தங்கரை வரைக்கும் பத்திரிகை வச்சுட்டேன் மாப்ள. முடிஞ்சுபோன கல்யாணத்துக்கு நான் எப்படிங்க பந்தல் போடறது? வர்றவங்க முகத்த எப்படிப் பாக்கறது?"

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு அந்தக் காலை அழைப்பைப் பற்றி அவரே சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, விளங்கியதும் வியர்த்தது. வாயை மூடிக்கொண்டு, 'கடைக்காரம்மா அப்படிப் போட்டுட்டாங்க' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். நான் எழுந்து நின்று, முதன்மை உறுப்பினர், துணை உறுப்பினர் என்று தொடங்கினேன். நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்குக் கணினியில் இடம் ஒதுக்காத சமூக அமைப்பைக் கண்டித்தேன். பிறகு, நேர்மையின் வேகத்தில், "திருமணம் என்பது இரு மனங்களின் சம்மதம் என்று பார்த்தால், மனைவி என்று சொன்னது முழுப் பொய்யும் ஆகாதுங்க" என்றேன்.

"ஒத்துக்கிட்டான் பாரு," என்றார் பெரியப்பா. "பந்தல்காரனுக்குப் போனப் போடு. முன்பணத்தைத் திருப்பிக் கேளு."

மாமா சட்டைப்பையில் கையை விட்டார். தையும் பந்தலும், மொட்டை மாடியின் மஞ்சள் விளக்குகளும், எல்லாம் அந்தச் சட்டைப்பைக்குள் கிடப்பதுபோல் இருந்தது.

உள்ளறையிலிருந்து யமுனா வந்தாள். அழுத கண்கள்தாம், ஆனால் வகுப்பறைக்குள் நுழைகிற நடை. "அந்தப் போனக் குடுங்கப்பா." வாங்கி, வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்தாள். நெடுநேரம் புல்லாங்குழல் இசை ஒலித்தது. நாங்கள் எல்லோரும் பூசையில் நிற்பவர்கள்போல் அதைச் சுற்றி அமைதியாக நின்றோம். பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"ஏங்க, நான் இவருக்கு மனைவின்னு போட்டிருக்கீங்களே, அதுக்குச் சான்றிதழ் ஏதாவது பாத்தீங்களா?"

"இல்லைங்க மேடம். வாடிக்கையாளர் சொல்றதுதான்."

பெரியப்பா குனிந்தார். "யாரு என்ன சொன்னாலும் போட்டுக்குவீங்களாம்மா?"

"ஆமாங்க சார்."

"அப்ப அதை எடுத்துடுங்க," என்றாள் யமுனா.

"முதன்மை உறுப்பினர் சம்மதிக்கணும் மேடம். சார், நீங்க சம்மதிக்கிறீங்களா?"

நான், "இதனுடைய விளைவுகள் என்னன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்றேன். யமுனா என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை நான் யாரிடமும் விவரித்ததில்லை.

"இணைப்பு ரத்தாகும் சார். கட்டின பணம் திரும்ப வராது."

"ரத்து வேணாம்," என்றாள் அவள். "உறவை மட்டும் மாத்துங்க. வேற என்னென்ன இருக்கு?"

"அம்மா, அப்பா, சகோதரர், சகோதரி, மகன், மகள் மேடம்."

"சகோதரி வேணாம்," என்று மாமா அவசரமாகக் குறுக்கிட்டார்.

"அம்மான்னு போடுங்க," என்றாள் யமுனா.

"உறுதியா மேடம்? உங்க வயசு..."

"போடுங்க."

"மாத்தியாச்சு மேடம். பெற்றோர் இணைப்புக்கு மாத வாடகையில சலுகை இருக்கு. அதுவும் சேர்ந்துடும்."

முதலில் சிரித்தது மாமா. மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. போனுக்கு இன்னும் நெருங்கி, "எவ்வளவும்மா கொறையும்? எங்கிட்ட பழைய நம்பர் ஒண்ணு இருக்குது" என்றார். அதை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டதும் பந்தல்காரர் பேச்சு நின்றுபோயிற்று. மைசூர்பாகுப் பெட்டியை அத்தை திறந்தார்.

தையில் கல்யாணம் நடந்தது. உறவைத் திருத்தி உண்மையை நிலைநாட்டிவிடலாம் என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். சலுகை போய்விடும் என்று யமுனா மறுத்துவிட்டாள். மாமா இன்றும் என் எண்ணுக்கு அழைத்தால், "மாப்ள, உங்கம்மா சமைக்கறாளா, ஸ்கூல்ல இருந்து வந்துட்டாளா?" என்றுதான் கேட்பார்.

சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த நிறுவனத்திலிருந்து ஓர் இனிய குரல் என்னை அழைக்கிறது. "சார், உங்க திட்டத்துல அம்மா இருக்காங்க. மனைவிக்கான இடம் இன்னும் காலியா இருக்கு. யாரையாவது சேர்க்கலாமா?"

போன வாரமும் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து யமுனாவின் குரல் கேட்டது. "வீட்ல கேட்டுச் சொல்றேன்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னேன்.

"சரிங்க சார்," என்றது அந்தக் குரல், மிகுந்த மரியாதையோடு. "அம்மாகிட்ட கேட்டே சொல்லுங்க."