எனக்கும் எனக்கும் நடந்த வழக்கு

என் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய ஒரே மருமகளுக்கு, உன் தாய்மாமன் வலது கையால் எழுதி, இடது கையை நெஞ்சில் வைத்துச் சமர்ப்பிக்கும் விண்ணப்பம். நான் நலம். உன் அம்மா நலம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே வேண்டாம். போனில் நீ போட்ட சத்தத்தை வைத்துப் பார்த்தால் உன் நுரையீரல் மிகமிக நலம்.

இனி நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன். நீ நம்பமாட்டாய், உன் வீட்டுக்காரர் நம்பமாட்டார், தபால்காரர் உறையைத் தொட்டதுமே சந்தேகப்படுவார். ஆனாலும் நீதிமன்ற அறிவிப்புப் பலகையைப் பார்த்த எவரோ உன்னிடம் போட்டுக் கொடுக்க, "அம்மா இருக்கிற வீட்டுக்கு எதிரா நீங்களே ஆட்சேபணை போட்டிருக்கீங்களாமே, நல்லா இருக்கா மாமா இது?" என்று நீ கேட்டுவிட்டாய். அதன் பிறகும் நான் வாய் திறக்காமல் இருந்தால், வரலாறு என்னைத் தப்பாக எழுதிவிடும்.

உன் பெரிய மாமா, அதாவது என் அண்ணன், பூட்டு ரிப்பேர் செய்தே இந்த ஊர்க் கதவுகளில் பாதியை அறிந்தவர் என்பதும், கல்யாணம் என்ற ஒரு கதவை மட்டும் தட்டியே பார்க்காதவர் என்பதும், இருபது வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டு அவருடைய கோபத்தையும் துவைத்துக் காயப்போட்ட உன் அம்மாவுக்கே வீட்டை உயில் எழுதி வைத்தார் என்பதும் உனக்குத் தெரியும். அந்த உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார், பார், அங்கேதான் விதி சிரித்தது. உயில் மெய்தான் என்று நீதிமன்றம் முத்திரை குத்தி ‘புரோபேட்’ கொடுத்தால் வீடு முழுக்க உன் அம்மாவுக்கு. கொடுக்காவிட்டால் பாதி எனக்கு. ஆக, ஓட வேண்டியவனும் நான், ஓடாவிட்டால் லாபமும் எனக்கு. இதில் வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவின் சாவியையும், வழக்கு முடியும்வரை, என்னிடமே ஒப்படைத்தார்கள். எட்டு மாதம் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை. மார்பில் சாவி வடிவத்தில் தழும்பே விழுந்துவிட்டது, டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, "உள்ள பூட்டு எங்கேங்க?" என்று கேட்டார்.

வக்கீல் எதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மாவட்ட நீதிமன்றத்தின் மனு வாங்கும் ஜன்னலில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் வாலிபராக வந்தவர். அவர் ஜன்னலை எட்டியபோது பேரன் பிறந்த சேதி வந்தது. கட்டுக்கட்டாக அடுக்கிய கோப்புகளுக்குப் பின்னால் குமாஸ்தாவின் ஒரு புருவம் மட்டும் தெரிந்தது. அந்தப் புருவம் பேசியது.

"உயில் அசலா?"

"அசல் சார்."

"இறப்புச் சான்றிதழ்?"

"அசல் சார்."

"இறந்தவரு?"

"அவரும் அசல்தான் சார்."

"என்னய்யா, நக்கலா?" என்று புருவம் ஏறியது. ஏறியது ஏறியதுதான், அதற்குத் தண்டனையாக நூற்றுப் பதினேழு இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். முப்பதாவதில் பேனா மை தீர்ந்தது, அறுபதாவதில் கை மரத்தது, தொண்ணூறாவதில் கண்ணாடி நழுவி ஒரு கோப்புக்குள் விழுந்து வழக்கின் ஒரு பகுதியாகிவிட்டது. கண்ணாடி இல்லாத வேகத்தில் நூற்றுப் பதினெட்டாவதாக மேஜையில் கிடந்த இன்னொரு தாளிலும் போட்டுவிட்டேன். அது ஆட்சேபணைப் படிவம். அவ்வளவுதான் நடந்தது, மருமகளே! மனுதாரரும் நான், எதிர்த்து நிற்பவரும் நான். சட்டத்தின் சரித்திரத்திலேயே தன் காலைத் தானே வாரிவிட்டுக்கொண்ட முதல் மனிதன் உன் மாமன்.

அடுத்தது சாட்சி. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஒரு பல் டாக்டர். வாய்க்குள் எட்டிப் பார்த்தவரிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று, பல் பிடுங்கப் போன இடத்திலேயே அண்ணன் உயிலில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீதிபதி கேட்டார், "அப்போ அவர் தெளிவான நிலையில இருந்தாரா?"

"மனசு தெளிவா இருந்துச்சுங்க. கடைவாய்ப் பல்லுதான் ஆடிச்சு."

"ஏதாவது பேசினாரா?"

"எப்படிங்க பேசுவார்? வாய்ல பஞ்சு வெச்சிருந்தேன். அவர் அமைதியா இருந்து நான் பார்த்த ஒரே நாள் அதுதான்."

உடனே நீதிபதி உயிலை எடுத்து உரக்கப் படித்தார். என்னைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறது: ‘என் தம்பிக்கு எதுவும் எழுதி வைக்கவில்லை. எதைக் கொடுத்தாலும் தொலைத்துவிட்டு, அதற்கு ஒரு கதை சொல்வான்.’ மன்றமே குலுங்கிச் சிரித்தது, மின்விசிறி சிரித்து ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றியது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

பிறகு டவாலி "மனுதாரர்!" என்று கூவினார். வலது பக்கம் போய் நின்றேன். "எதிர்மனுதாரர்!" என்று கூவினார். இடது பக்கம் ஓடினேன். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கும் உங்களுக்கும் என்னய்யா தகராறு?"

வலது பக்கம் நின்று, "எதிர்த் தரப்பு அவசரக்காரர் ஐயா, மத்தபடி நல்ல குடும்பம்" என்றேன். இடது பக்கம் ஓடி, "மனுதாரர் வாயைத் திறந்தா புளுகு ஐயா, எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும்" என்றேன். இப்படி நாற்பது தடவை ஓடியதில் தரையில் பாதையே விழுந்துவிட்டது. "வெளிய போய் ரெண்டு பேரும் சமாதானமா பேசிட்டு வாங்க" என்றார். வராந்தாவில் நடந்தபடி எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்த உன் அம்மா, "சின்னண்ணே, யாருகிட்ட பேசிட்டிருக்கே?" என்றாள்.

"எதிர்க்கட்சிகிட்ட."

"அந்த ஆளுக்கும் சேர்த்துதான் கொண்டு வந்திருக்கேன். கூட்டிட்டு வா."

மூன்று பேரும் சாப்பிட்டோம். எதிர்க்கட்சிதான் அதிகம் சாப்பிட்டது. அதன் பின் ஆட்சேபணை வாபஸ், மறுவாரம் உத்தரவு. முத்திரை போட்ட நகலின் நகல் இத்துடன் இருக்கிறது. வீடு உன் அம்மாவுக்குத்தான், வாசல்படி முதல் மொட்டைமாடியில் ஒழுகும் மூலைவரை.

நீயும் உன் வீட்டுக்காரரும் எந்த ஜன்னலிலும் வரிசையில் நிற்காமல், எந்தப் படிவத்திலும் இரண்டு பக்கம் கையெழுத்துப் போடாமல், நூறாண்டு வாழ்க. இந்த மாமனைத் திட்டுவதற்கு உனக்கு என்றும் குரல் வளம் குறையாதிருக்க.

இப்படிக்கு,
வழக்கில் ஜெயித்தவனும் தோற்றவனுமாகிய
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உன் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டு. இதை நீ மட்டும் படி. வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே பேர். குமாஸ்தாவுக்கு முழு முகம் இருந்தது, மரியாதையாகவும் பேசினார். பல் டாக்டர் "ஆமாம்" என்று ஒரே வார்த்தை சொன்னார். விசாரணை நான்கு நிமிஷம். யாரும் சிரிக்கவில்லை, நானும்தான். ஆட்சேபணையில் கைதவறிக் கையெழுத்துப் போடவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் போட்டேன். வீட்டுக்காக இல்லை, உயிலில் அண்ணன் என்னைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரிக்காக. உன் அம்மாவும் பலகையில் அதைப் பார்த்தாள். அடுத்த வாய்தாவுக்கும் எப்போதும்போல் இரண்டு பேருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, மூடியில் எனக்குப் போட்டு, பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். கை கழுவிய ஈரம் காய்வதற்குள் போய் வாபஸ் வாங்கிவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு சின்ன விஷயம் நிஜம். தழும்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் அந்தப் பீரோ சாவி எட்டு மாதமும் என் கழுத்தில்தான் இருந்தது. நேற்று உன் அம்மா கையில் கொடுத்தேன். தொலைக்கவில்லை. இதை அண்ணனிடம் சொல்ல வழியில்லை; அதனால் உன்னிடம் சொல்லி வைக்கிறேன்.