வயர் ஐயா கொப்பி எடுத்த நாள்

மட்டக்களப்பு மாவட்டம் முழுவதிலும் காற்றை நம்பாத ஒரே மனிதர் எங்கள் வயர் ஐயாதான். மூச்சு விடுவதற்குக் காற்றைப் பயன்படுத்தினாரே தவிர, ஒரு படத்தையோ கடிதத்தையோ அதன் கையில் ஒப்படைக்க அவர் சம்மதித்ததே இல்லை. வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன் என்று யாராவது சொன்னால், பட்டப்பகலில் குடித்துவிட்டு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

"காத்தில விட்டா அது ஆர் ஆர்ட வீட்டுக்குள்ள பூந்து வருகுது எண்டு ஒங்களுக்குத் தெரியுமா தம்பி? வயரெண்டா ஒரு பக்கத்தால போகும், மத்தப் பக்கத்தால வரும். நடுவில ஒருத்தரும் இல்ல."

வாவிக்கரையில் இருக்கும் எங்கள் அரசாங்கக் கந்தோரில் அவர் தலைமை எழுதுவினைஞர். கந்தோரின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே இன்னும் பல வருட வேலை பாக்கி இருக்கிறது. ஊர்களில் கிணறு கட்டுவது, தோணித்துறை திருத்துவது, பிறகு கட்டினோம், திருத்தினோம் என்று படத்தோடு கொழும்புக்கு அறிக்கை அனுப்புவது, இவைதான் எங்கள் தொழில். கிணற்றில் தண்ணீர் வருகிறதா என்று கொழும்பு ஒருநாளும் கேட்டதில்லை. படம் வந்ததா என்றுதான் கேட்கும். வெளிக்கள உத்தியோகத்தர்களின் போனிலிருந்து அந்தப் படங்கள் யூஎஸ்பி வயர் வழியாக மட்டுமே கணினிக்கு ஏற வேண்டும், பென் டிரைவில் இறங்க வேண்டும், உறையிலிட்டுப் பதிவுத் தபாலில் போக வேண்டும் என்பது வயர் ஐயா போட்ட சட்டம். கிரானில் திருத்திய ஒரு மதகின் படம் கொழும்பு போய்ச் சேருவதற்குள் அடுத்த வெள்ளம் வந்து அந்த மதகையே கொண்டுபோன கதையும் உண்டு.

அவருடைய மேசை லாச்சியை இழுத்தால் ஏழெட்டு வயர்கள் சுருண்டு கிடக்கும். அதில் வேலை செய்வது ஒன்றே ஒன்று. மற்றவை போனுக்குச் சார்ஜ் ஏற்றும், ஆனால் ஒரு படத்தைக்கூடக் கடத்தாது. புதிதாக வேலைக்கு வந்த நான், இதென்ன ஐயா, எல்லா வயரும் ஒரே மாதிரித்தானே இருக்கின்றன என்று கேட்டேன்.

"பார்த்தா அப்பிடித்தான் தெரியும். இதெல்லாம் சோறு மட்டும் திங்கிற வயர், வேலை செய்யாது. நம்மட கந்தோரில ஆக்கள் இல்லையா, அது மாதிரி" என்றார். சொல்லும்போது அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அது என்னிடம் வந்து கொஞ்சம் அதிகமாகவே நின்றதாக எனக்குப் பட்டது.

கந்தோர் இருப்பது பழங்காலக் கட்டிடமொன்றின் மேல்மாடியில். தளம் பலகை. ஒருவர் நடந்தால் மூன்று மேசை ஆடும். கணினியில் வயர் செருகும் ஓட்டையோ தளர்ந்துபோனது. ஆகவே படம் ஏறும் நேரத்தில் போனின் தலை வாவிப் பக்கம் பார்க்க வேண்டும், வயருக்குக் கீழே மடித்த காலண்டர் தாள் இருக்க வேண்டும், மின்விசிறி நிற்க வேண்டும், ஒருவரும் எழும்பக் கூடாது. கோயிலில் திரை மூடியிருக்கும் நேரத்தில்கூட எங்கள் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் பரிசோதனைக்கு வந்தார். கதவைத் திறந்தார், வலது காலைத் தூக்கினார். வயர் ஐயா எழும்பவில்லை, கையை மட்டும் உயர்த்தினார்.

"சேர், அந்தக் காலை வைக்க வேணாம். எழுவது வீதம் ஏறிரிக்கி."

பெரியவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார். திரையில் ஒரு நிமிடம் மீதி என்று காட்டியது. அந்த ஒரு நிமிடம் ஒன்பது நிமிடம் ஓடியது. நாங்கள் எல்லோரும் வேலை போய்விட்டது என்றே நினைத்தோம். அவரோ திரும்பிப் போய், ஊழியர்கள் ஆசனத்தை விட்டு எழும்பாமல் கடமை செய்கிறார்கள் என்று பாராட்டி எழுதியிருந்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய கொள்கை. படத்தை அவர் கொப்பி செய்யவே மாட்டார், கட் பண்ணித்தான் எடுப்பார். அதாவது, படம் கணினிக்கு வந்த கையோடு போனிலிருந்து மறைந்துவிடும். வேலைப் படம் போனால் யார் கவலைப்படப் போகிறார்கள்? அவர் பொறுக்கி எடுக்கிற ஆளில்லை. போனில் உள்ளதையெல்லாம் வழித்தெடுப்பார். என் மகள் முதன்முதலாக எழும்பி நடந்த வீடியோ, பனிச்சங்கேணித் தோணித்துறையின் பதினான்கு படங்களோடு சேர்ந்து அரசாங்கச் சொத்தாகிவிட்டது. போய்க் கேட்டேன்.

"அது பத்திரமா இரிக்கி தம்பி. ஒரு விண்ணப்பம் எழுதித் தாங்க, பார்க்க விடுறன்."

"ஐயா, அது எண்ட மகள்."

"நான் இல்லையெண்டு சொன்னனா? அதையும் விண்ணப்பத்தில எழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன். பெற்ற மகள் நடப்பதை, திங்கட்கிழமை பத்து மணியிலிருந்து பத்தேகால் வரை, அவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று பிறகுதான் தெரிந்தது. இளவயதில் அவர் காணிக் கந்தோர் ஒன்றில் வேலை செய்திருக்கிறார். ஒரே காணிக்கு இரண்டு உறுதிப் பத்திரம் வைத்துக்கொண்டு இரண்டு குடும்பம் அவருடைய மேசைக்கு முன்னால் வெட்டுக்குத்து வரைக்கும் போயிருக்கிறது. இரண்டு தாளும் ஒரே மாதிரி, இரண்டிலும் ஒரே கையெழுத்து. அன்றிலிருந்து, ஒரு பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் அதில் ஒன்று களவு என்பது அவருடைய முடிவு. முப்பது வருடமாக ஒரு கொப்பிகூட எடுத்ததில்லை என்று, மது தொடாதவர்கள் சொல்லும் பெருமையோடு சொல்வார்.

இப்படிப்பட்டவரிடம்தான் றெஜினா போய் மாட்டினாள். எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர், டவுன் பிள்ளை. கலியாணம் முடித்து எட்டு மாதம். கணவர் குளிர் நாடு ஒன்றில். கலியாணத்துக்கென்று மூன்று வாரம் வந்து போனவர். றெஜினா அங்கே போவதற்கு விசா கேட்டிருந்தாள். இது மெய்யான கலியாணம்தான் என்று காட்டப் படங்கள் கொண்டு வரும்படி தூதரகம் கடிதம் அனுப்பியிருந்தது. வியாழக்கிழமை கொழும்பில் நேர்முகம். திங்கட்கிழமை கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியிலிருந்து போன் விழுந்தது. விழுந்த போனில் உயிர் இருந்தது, அழைத்தால் அதிர்ந்தது. ஆனால் திரை முழுக்கக் கறுப்பு.

ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடாமல், வீட்டோடு சின்னதாகச் செய்த கலியாணம். இருந்த படமெல்லாம் அந்தப் போனுக்குள்தான்; வயர் ஐயாவுக்குப் பயந்து, வேலைப் படத்துக்கென்று அவள் வேறொரு பழைய போன் வைத்திருந்தாள். கணவருக்கு அனுப்பிய படங்கள் இருக்குமே என்றேன்.

"அண்ணன், போனில இடம் காணாதெண்டு அவர் அழிச்சிட்டாராம். கிரிக்கெட் வீடியோ மட்டும் வச்சிரிக்கார்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். புதுத் திரை கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை ஆகும் என்றிருக்கிறார்கள். அடுத்த நேர்முகத் திகதி எப்போது கிடைக்குமோ, ஒரு வருடம் ஆகுமோ, யாருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமை பின்னேரம், வேறு வழியில்லாமல், வயர் ஐயாவின் மேசையில் போனைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் வயரைச் செருகினார். கணினி அசையவில்லை. பூட்டைத் திறந்து, கோப்புகளைத் தரலாம் என்று போனில் அமத்தினால்தான் கணினிக்கு வழி விடும். திரையே தெரியாத போனில் எங்கே அமத்துவது? அவர் கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒங்கடயும் இதே போன்தானே. கொண்டாங்க."

என் போனைப் பக்கத்தில் வைத்து, அடையாள அட்டைக்கு ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை அதன்மேல் விரித்தார். பூட்டின் இலக்கங்கள் எங்கே இருக்கின்றன, கோப்புக்கான இடம் எங்கே வருகிறது என்று பேனையால் ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். ஓரங்களை அடிமட்டத்தால் அளந்தார். பிறகு அந்தத் தாளைத் தூக்கி றெஜினாவின் கறுத்த போனின்மேல் பொருத்தி, அவள் சொன்ன இலக்கங்களைப் புள்ளி புள்ளியாகத் தொட்டார். முதல் தரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தரமும் இல்லை.

"பிழைக்கப் பிழைக்கப் போன் நம்மளக் கள்ளனெண்டு நினைச்சிப் பூட்டிரும். பொறுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் தரம் கணினி டிங் என்றது. திரையில் ஒரு பெட்டி திறந்தது. அறுநூற்றுச் சொச்சம் படங்கள்.

றெஜினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வயர் ஐயா எல்லாவற்றையும் தெரிவு செய்தார். மவுஸ் அம்பு வழக்கம்போலக் கட் என்ற சொல்லின்மேல் போய் நின்றது.

"ஐயா, கட் பண்ண வேணாம்" என்றாள். "நடுவில வயர் விட்டுதெண்டா ரெண்டு பக்கமும் இல்லாமப் போயிரும். கொப்பி எடுங்க ஐயா."

அவர் திரும்பவில்லை. "புள்ள, ரெண்டு இருந்தா எது மூலம் எண்டு கேப்பாங்க."

"ஆர் கேட்டாலும் நான்தான் மூலம் ஐயா. அந்தப் படத்தில நிக்கிறது நான்தானே."

கொப்பி எடுப்பதில்லை என்பது காணிக் கந்தோரிலிருந்து இன்றுவரை அவர் கட்டிக் காத்த விரதம். அதை உடைக்கச் சொல்வது, சைவக்காரரை மீன் ஆணத்தில் கை வைக்கச் சொல்வது போலத்தான். அம்பு மெதுவாக ஒரு வரி கீழே இறங்கியது. கொப்பி என்ற சொல்லை அமத்திவிட்டு, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் சொல்லாமலே மின்விசிறியை ஒருவர் நிறுத்தினார். தேத்தண்ணி கொண்டுவந்த ஆள் வாசலில் தட்டோடு நின்றுவிட்டார். பத்து வீதம், இருபது வீதம் என்று ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வீதியில், பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவந்து விற்கும் ஆட்டோவின் பாட்டுக் கேட்டது. அந்தப் பாட்டுக்கு எங்கள் கட்டிடத்தின் யன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். எனக்கு உயிரே போய்விட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பலகை நோகாமல் படியிறங்கி ஓடினேன்.

ஆட்டோக்காரர் ஏறாவூர்க்காரர், தினமும் வருகிறவர். பாட்டை நிறுத்தச் சொன்னதும் பதறிப்போனார்.

"என்ன தம்பி, ஆரும் மௌத்தா?"

"இல்ல காக்கா, ஒருத்தரும் சாகல்ல. மேல ஒரு கலியாணப் படம் ஏறுது. வயர் ஆடினா விட்டிரும்."

அவருக்கு விளங்கியதோ இல்லையோ, பாட்டை அணைத்தார். எஞ்சினையும் அணைத்தார். "அப்ப ஏறி முடியட்டும். நான் நிக்கிறன்" என்று இறங்கி என்னோடு நின்றார். பாண் சூடு ஆறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஹோர்ன் அடிக்கக் கையை எடுத்தபோது, நான் வாய் திறப்பதற்கு முன் அவரே கையைக் காட்டி அடக்கினார்.

நான் மேலே திரும்பியபோது நூறு வீதம் ஆகியிருந்தது. றெஜினா அழுதுகொண்டிருந்தாள். "கீபோர்ட்டில கண்ணீர் விழுந்தா மறுகா அதுக்கொரு கடிதம் எழுதோணும்" என்று அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வயர் ஐயா படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தார். மாப்பிள்ளை ஒன்றில் கண்ணை மூடியிருந்தார், அடுத்ததில் வாயைத் திறந்திருந்தார், இன்னொன்றில் தலையே பாதிதான் இருந்தது.

"பயப்பிடாதீங்க புள்ள" என்றார். "பொய்க் கலியாணமெண்டா இதை விட நல்லா எடுத்திருப்பாங்க."

விசா கிடைத்து றெஜினா போய்விட்டாள். வயர் ஐயா அடுத்த நாள் காலையிலேயே கட் பண்ணத் தொடங்கிவிட்டார், இன்றைக்கும் கட்தான் பண்ணுகிறார். போன கிழமை களுதாவளைக் கிணற்றுப் படத்தோடு என் சம்சாரத்தின் படங்கள் நாற்பதைக் கொண்டுபோய்விட்டார். அதற்கும் விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அவரைக் கிண்டல் பண்ணாமல் எனக்கு ஒருநாளும் விடிவதில்லை. ஆனால் வேறு யாராவது பண்ணினால், கொப்பியை அமத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட அந்த முகம் முன்னால் வந்துவிடுகிறது, எனக்குப் பொல்லாத கோபம் வருகிறது.