லீவவுட் அக்கா அடித்த பத்திரிகை

கோவில்பட்டியில் மேகத்தைக்கூட நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற ஒரே ஆள் எங்கள் லீவவுட் அக்காதான்.

எங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளை டைப் அடிப்பது அக்கா. பேப்பர் வெட்டுவது நான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். விரல் போய்விடுமோ, வேலை போய்விடுமோ என்று தினமும் பயந்துகொண்டே வெட்டுகிறவன். அக்காவுக்குப் பயம் என்ற சமாச்சாரமே கிடையாது.

தினம் ஓர் ஆங்கில வார்த்தை சொல்லித்தரும் வீடியோவை அக்கா செல்போனில் பார்க்க ஆரம்பித்தார். ‘லீவ் அவுட்’ வந்த அன்றோடு நிறுத்திவிட்டார்.

“மிச்சத்தப் படிக்கலையாக்கா?”

“நம்ம ஊருக்கு இது ஒண்ணு போதும்லே. சேர்க்க வேண்டியத சேர்க்காம வெளிய விட்டா, அதுதான் லீவவுட்.”

அதன்பின் ஊர் தாங்கவில்லை. டீக்கடையில், “அண்ணாச்சி, சீனிய லீவவுட் பண்ணுங்க.” கடம்பூர் போளிப் பொட்டலத்தைப் பிரித்து எண்ணி, “ஒண்ண லீவவுட் பண்ணிட்டீரே!” நிற்காமல் போன பஸ்ஸை ஆட்டோவில் விரட்டிப் பிடித்துக் கண்டக்டரிடம், “என்னைய எதுக்குவே லீவவுட் பண்ணுனீரு?” ஒருநாள் ஓட்டப்பிடாரத்தில் நல்ல மழை, இங்கே ஒரு தூறல் இல்லை. அக்கா தெருவுக்கு வந்து இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்தார். “நாங்க மட்டும் லீவவுட்டா?”

மறுநாள் கொட்டியது. தற்செயல்தான். அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

போன ஆவணியில் புதூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர், தம்பி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். கூடவே மணப்பெண். பெண்ணின் அம்மா உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். பட்டியலில் மாமா, மச்சான், சித்தப்பா என்று அறுபது பேர். அக்காவின் விரல் நின்றது.

“அண்ணாச்சி, பொண்ணோட அம்மாவ லீவவுட் பண்ணிட்டீங்க.”

“மறக்கல தாயி, வேண்டாம்னுதான் விட்டோம். தாலி அறுத்தவ பேரு நல்ல காரியத்துல எதுக்கு?”

“காலஞ்சென்றன்னு போட்டு அவிய வீட்டுக்காரர் பேரு இருக்கே. செத்தவரு உள்ள, வளத்தவிய வெளியவா?”

“எனக்குப் பாடம் எடுக்காத. ஊர்ல வேற பிரஸ் இருக்கு.”

“யக்கா, முதலாளி வந்தா நம்ம ரெண்டு பேரையும் லீவவுட் பண்ணிருவாரு” என்று காதில் சொன்னேன்.

“பண்ணட்டும்லே.” அக்கா கீபோர்டைத் தள்ளிவைத்துக் கையைக் கட்டிக்கொண்டார். “நான் அடிக்க மாட்டேன்.”

பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். மணப்பெண் குறுக்கே வந்து நின்றாள்.

“பெரியப்பா, எந்தப் பிரஸ்ஸுக்கு வேணாலும் போங்க. அம்மா பேரு இல்லைன்னா எம் பேரையும் எடுத்துருங்க.”

மணமகள் பெயர் இல்லாத பத்திரிகையைப் பெரியவர் மனசுக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். மறுபடி உட்கார்ந்தார். “அடிச்சுத் தொலை.”

ப்ரூஃப் எடுத்ததும் அக்கா வாசலுக்குப் போய் அந்த அம்மாவைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. “எது தாயி எம் பேரு?” என்றார். அக்கா அவர் விரலைப் பிடித்து ‘மாரித்தாய்’ மேல் வைத்தார். விரல் ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.

சாயங்காலம் முதலாளி வந்து கத்தினார். அக்கா பதிலுக்கு இன்னும் பலமாகக் கத்தினார். நான் பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். வேலை இரண்டு பேருக்கும் இருக்கிறது.

வருகிற தையில் எனக்குக் கல்யாணம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஆனாலும் ‘சகோதரி’ என்று போட ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறேன். டைப் அடிக்கப்போவதும் அக்காதானே, அந்தத் தாளை எந்த முகத்தோடு நீட்டுவது என்றுதான் ஒரு வாரமாகத் தூக்கமில்லை.