சம்பந்தி சாரும் சுண்ணாம்படித்த மரங்களும்

மத்தியதரைக் கடலுக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் தூரம் என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்ளாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கோயமுத்தூரில், எங்கள் மர ஆராய்ச்சி ஆபீஸில் இருந்தார். பெரிய விஞ்ஞானி. பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். ஆனால் வாட்ச்மேனிலிருந்து இயக்குநர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் சம்பந்தி சார்.

காரணம் இருக்கிறது. ஸ்பெயின், துனிசியா, நாங்கள் என்று மூன்று நாடுகள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினோம். அவர்கள் ஆலிவ் மரத்தடியில் பார்லி விதைத்து ஆடு மேய்ப்பார்கள். நம் காங்கேயம் பக்கம் கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், அதாவது கொறங்காட்டில், வெள்வேல மரத்தடியில் புல் வளர்த்து மாடு மேய்க்கிறோம். மரத்தின் நிழல் அடியிலிருக்கும் புல்லை என்ன செய்கிறது என்று இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே சார் அறிவித்துவிட்டார்: "இனி அவங்க நமக்குச் சம்பந்தி ஊடுங்க. மொறை தப்பப்படாது."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தோம். ஸ்பெயினிலிருந்து பேராசிரியை கார்மென் முதல் தடவை வந்து இறங்கியபோது, தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலையோடு விமான நிலைய வாசலில் போய் நின்றார். அந்தம்மா வெற்றிலையை முகர்ந்து பார்த்து, சாம்பிள் பையில் போட்டுக்கொண்டு, இது எந்த ஊர்த் தோட்டத்தில் பறித்தது என்று கேட்டார். சாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்களா, எறங்குனதும் ஊரு வெசாரிக்கறாங்க. நல்ல குடும்பமுங்க!"

வீடியோ மீட்டிங் இன்னும் மோசம். திரையில் தெரிகிற ஒவ்வொரு முகத்திடமும் சாப்பிட்டாச்சா என்று இங்கிலீஷில் கேட்டு முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். ஒரு தடவை துனிசியாவின் ஹபீப், நோன்பு இருக்கிறேன் என்றார். சார் பதறிப்போய்க் கையிலிருந்த டீயை மேஜைக்கு அடியில் ஒளித்தார். "நோன்பு இருக்கறவரு முன்னால உக்காந்து டீ குடிச்சுப்போட்டனே!" என்று புலம்பி, மீட்டிங்கையே பெருநாளுக்கு அப்புறம் தள்ளிவைத்துவிட்டார். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆய்வுக் கட்டுரையில் யார் பெயரை முதலில் போடுவது என்று விஞ்ஞானிகள் உலகம் பூராவும் அடித்துக்கொள்வார்கள். சார் அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி தீர்த்தார். மூத்தவங்க பெயர் முதலில்! எல்லோருக்கும் வயது கேட்டு மெயில் போனது. கார்மென் மட்டும் வாயே திறக்கவில்லை. அதனால் அவரைக் கடைக்குட்டி என்று கடைசியில் போட்டார். அந்தம்மா நன்றி சொல்லி ஒரு பெட்டி அத்திப்பழம் அனுப்பிவைத்தார்.

இந்தக் கூத்தெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது, என் தலையில் விழுகிற வரைக்கும்.

நான் அந்தத் திட்டத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். புல் அளக்கிற வேலை. அதை வைத்துத்தான் என் முனைவர் பட்டம். சோமனூரில் தறி ஓட்டும் அப்பா, "மரத்தடியில புல்லைப் பாக்கறதுக்கு ஒரு படிப்பாம்மா?" என்று அலுத்துக்கொண்டே, பட்டம் வாங்கும் வரை கல்யாணப் பேச்சைத் தள்ளிவைத்திருந்தார். கார்மென் குழு வந்து பார்த்துச் சரி என்றால் திட்டம் நீளும். இல்லையென்றால் வேலையும் போச்சு, படிப்பும் போச்சு, அடுத்த முகூர்த்தத்தில் மாலையும் கழுத்துமாக நிற்க வேண்டியதுதான். திட்டத்தில் நிபந்தனை ஒன்றே ஒன்று: மரத்தில் ஒரு கிளையைக்கூடத் தொடக் கூடாது.

குழு வருகிற அன்று காலையில் நானும் சாரும் முன்னால் போனோம். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அத்தனை மரத்துக்கும் கிளையைக் கழித்து, அடியில் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்து, வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. காட்டுக்காரர் சென்னியப்பண்ணன் வேட்டி மினுங்க ஓடி வந்தார்.

"ஏனுங்க சார், நல்லாருக்குதுங்களா? சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்கன்னு சொன்னீங்க. மரமெல்லாம் பரட்டைத் தலையோட நின்னா நமக்குத்தானுங்க கேவலம்? அதான் எல்லாத்தையும் கவாத்துப் பண்ணிப்போட்டேன்."

பாவி மனுஷன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எப்படித் திட்டுவது? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சார், காத்துல முறிஞ்சுபோச்சுன்னு சொல்லிரலாங்க சார்!"

சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சுண்ணாம்பும் காத்துதான் அடிச்சுதுன்னு சொல்லோணுமா அம்மணி?"

அதற்குள் கார் வந்துவிட்டது. கார்மென் இறங்குவதற்கு முன்னாலேயே சார் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "தப்பு என்னுதுங்க. நான் சொன்ன வார்த்தையை நம்பித்தான் அவரு மரியாதை பண்ணிப்போட்டாரு. இந்தப் புள்ளை வெயிலு மழைன்னு பாக்காம அளந்த அளவு அத்தனையும் சுத்தமானது. நிறுத்தறதுன்னா என்னைய நிறுத்துங்க, இவளை உட்டுருங்க."

கார்மென் காரிலிருந்து இறங்கினார். ஒரு மரத்தைச் சுற்றி வந்து சுண்ணாம்பைத் தொட்டுப் பார்த்தார். திடீரென்று அந்தம்மா வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அங்கேயும் இதேதானாம்! போன வருஷம் ஆய்வுக் குழு அங்கே பார்க்கப் போவதற்கு முந்தின நாள், அவருடைய மாமனார் தன் தோட்டத்து ஆலிவ் மரங்களைக் கழித்துச் சுண்ணாம்பு அடித்து வைத்தாராம். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "காற்றில் முறிந்தது என்றேன்" என்றார். "அப்ப சுண்ணாம்பு?" "விடிய விடியக் கழுவினேன்."

சம்பந்தி சார் உண்மையைச் சொன்னதால்தான் தனக்கும் சொல்லத் தைரியம் வந்தது என்றார் அந்தம்மா. இனி அந்தக் காற்றுக் கதையை அறிக்கையிலும் திருத்திவிடுவதாகச் சொன்னார். கழித்த மரம் எப்படித் துளிர்க்கிறது, அடியில் புல் என்ன ஆகிறது என்று இரண்டு ஊரிலும் சேர்த்தே பார்க்கலாம் என்று முடிவானது. திட்டம் ஒரு வருஷம் நீண்டது. சென்னியப்பண்ணன் எல்லோருக்கும் இளநீர் வெட்டினார்.

எனக்குத் திட்டம் நீண்டது, சரி. கல்யாணத்துக்கு வைத்த கெடுவை அப்பா நீட்டுவாரா? அந்தக் கவலையை நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படித்தான் தெரிந்ததோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் சொல்லாமல் கொள்ளாமல் சோமனூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்தார். "இன்னும் ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்குங்க. புள்ளைக்கு நானாச்சு" என்று சார் கையைக் கூப்பினார். அவ்வளவு பெரிய மனுஷன், எனக்காக.

யார் பேச்சுக்கும் மசியாத எங்கப்பா, "ஆகட்டுங்க" என்றார். இன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது, பட்டம் இருக்கிறது, மனசுக்குப் பிடித்த குடும்பமும் இருக்கிறது. அவர் கை கூப்பிக் கேட்டு வாங்கிக் கொடுத்த அந்த ஒரு வருஷத்தில்தான் நான் இன்னமும் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.