ரிஜெக்ட் அண்ணன் வைத்த மஞ்சள் பொட்டு

கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே ரிஜெக்ட் அண்ணனிடம் பாஸான விஷயங்கள் மொத்தம் மூன்றுதான். ஒன்று, சிறுவாணித் தண்ணீர். இரண்டு, தலைதீபாவளிக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த ஒரு ஸ்க்ரூ டிரைவர். மூன்று, அவர் சம்சாரம் சரசக்கா. அதிலும் சரசக்காவை நிபந்தனையின் பேரில்தான் பாஸ் செய்திருப்பதாகச் சொல்வார். என்ன நிபந்தனை என்று ஒருமுறை கேட்டேன். "இன்னும் சோதனையில இருக்குதுங்க தம்பி" என்றார். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் முடிந்திருந்தது.

ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களை அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு, இல்லாவிட்டால் சிவப்பில் ஒரு கோடு. ரிட்டயர்மெண்ட் விழாவில் போர்த்திய சால்வையை மேடையிலேயே விரித்துப் பார்த்து, "ஓரம் பிரியுதுங்க" என்று மைக்கில் சொன்னவர் அவர். வேலைதான் போனதே தவிர, பெயிண்ட் டப்பா இரண்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டன. அன்றைக்குப் பிடித்தது எங்கள் கணபதி வீதிக்குச் சனி.

எதிர்வீட்டு கேட்டின் கீலில் சிவப்புக் கோடு. கரண்ட் கம்பத்தில் சிவப்புக் கோடு. முக்கு பேக்கரியில் தேங்காய் பன் வாங்கினால் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டு பக்கமும் அளப்பார். "இக்கட்ட நாலு மில்லி கம்மியா இருக்குதுங்களே" என்பார். பேக்கரிக்காரர் பாவம், ஒரு கட்டத்தில் இவர் வருவதைப் பார்த்தாலே பன் தீர்ந்துபோச்சு என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

நான் அந்த வீதிக்குக் குடிபோன அன்றே என் ஸ்கூட்டரை இரண்டு சுற்று சுற்றி வந்து, பின்பக்க மட்கார்டில் ஒரு கோடு இழுத்தார். "பின்சக்கரம் ஆடுது தம்பி" என்றார். அப்போது நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் ஆடுகிறதா, பாடுகிறதா என்று எனக்கு என்ன தெரியும்? பேரிங் மாற்றினேன். ரிம் மாற்றினேன். "இன்னும் ஆடுதுங்களே" என்றார். கொட்டுகிற மழையில் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு நடந்து வரும்போதுகூட, "ஏறுங்கண்ணா" என்று நிறுத்தினால், "நீங்க போங்க தம்பி, நான் உசுரோட வாரேன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்ட மனிதரின் சொந்தக் கார் எட்டு மாதமாகச் செங்கல்மேல் நின்றது. முன்பக்க பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. பால் ஜாயிண்ட் என்பது முன்சக்கரத்தையும் அதைத் தாங்குகிற கையையும் சேர்க்கும் குண்டு மூட்டு, நம் தோள்பட்டைக்குள் இருப்பது போல. அது கழன்றால் ஓடுகிற வண்டியில் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஒர்க்‌ஷாப்காரனைத் தொட விடமாட்டேன், வீட்டிலேயே நானே மாற்றுவேன் என்று கழற்றிப் போட்டார். உக்கடத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த பாய், ஐந்து பீஸ் எடுத்து வைத்து, ஐந்தும் ரிஜெக்ட் ஆனதும், "அண்ணா, ஒங்களுக்குன்னு தனியா ஒண்ணு வார்த்துத்தான் எடுக்கோணும்" என்று கும்பிடு போட்டார். ஆறாவது பீஸ் பாஸானது. ஆனால் அதற்கு ஏற்ற போல்ட்டு அமையவில்லையாம். அதனால் அந்த பால் ஜாயிண்டை ஒரு டர்க்கி டவலில் சுற்றி பீரோ லாக்கரில், மகள் கவிதாவின் நகைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்.

கவிதாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பார்க்க வந்த ஒன்பது மாப்பிள்ளைகளும் ரிஜெக்ட். ஒருத்தர் கை குலுக்கினால் பிடிமானம் இல்லை. ஒருத்தர் தண்ணீர் குடிக்கும்போது டம்ளர் நடுங்குகிறது. பொள்ளாச்சியிலிருந்து வந்த இன்ஜினியர் பையனுக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. அவன் கழற்றிப் போட்ட செருப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து, "எடது செருப்பு வெளிப்பக்கமா தேயுது, அலைன்மெண்ட் சரியில்லைங்க" என்றார்.

பத்தாவதாகச் சென்னிமலையிலிருந்து, பெட்ஷீட் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் வருவதாக ஏற்பாடானது. முதல் நாள் சரசக்கா என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். சாதாரணமாகச் சிரித்த முகம். அன்றைக்குச் சிரிப்பைக் காணோம்.

"தம்பி, நாளைக்கு நீங்க அவரு பக்கத்துலயே ஒக்காந்துக்கோங்க. அவரு வாயத் தொறந்தா நீங்க வேற ஏதாச்சும் பேச்சு எடுத்துருங்க. புள்ளைக்கு இந்தப் பையன நெம்பப் புடிச்சிருக்குதுங்க. இதுவும் போச்சுன்னா இனி யாரையுமே வரச் சொல்லாதீங்கன்னு அழுவறா."

சரிக்கா என்று பொறுப்பேற்றுக்கொண்டேன். பேச்சை மாற்றுவதற்காக மழை, நூலகம், வெங்காய விலை என்று மூன்று தலைப்புகளைத் தயார் செய்துகொண்டும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கார் வீதிக்குள் திரும்பியது. அண்ணன் புது வேட்டி சட்டையில் கேட்டருகே கை கூப்பி நின்றிருந்தார். வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. டொக். இன்னொரு டொக். அண்ணனின் கூப்பிய கை அப்படியே நிற்க, தலை மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

பையனும், பையனின் அம்மாவும், தாய்மாமனும் இறங்கினார்கள். வாங்க என்றுகூட அண்ணன் சொல்லவில்லை.

"ஏனுங் மாப்ள, எத்தன நாளா இந்தச் சத்தம்?"

"இந்த வருஷம் மழை..." என்று நான் ஆரம்பித்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தாய்மாமன் முந்திக்கொண்டார். "சத்தமுங்களா? வண்டியில ஒண்ணுமில்லீங்க. உங்க ரோடு அப்படி."

பையன் மாமனைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். "மூணு வாரமா இருக்குதுங்க. கடைக்கு லோடு வந்துட்டே இருந்துச்சு, பாக்க நேரமில்லீங்க. பாட்ட கொஞ்சம் சத்தமா வெச்சுட்டு ஓட்டிட்டிருக்கறேனுங்க" என்றான்.

மாமன் முறைத்தார். அண்ணன் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, "ஒத்துக்கிட்டீங்க. சந்தோசமுங்க. ஆனா உங்கம்மாவ ஏத்திட்டு இந்த வண்டில நீங்க திரும்பிப் போக முடியாதுங்க" என்றார். உள்ளே சரசக்கா காபித் தட்டைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்புறம் நடந்தது பெண் பார்க்கும் சடங்கா, வண்டி பார்க்கும் சடங்கா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. போர்ட்டிகோவில் ஜாக்கி வந்தது. பையனின் அம்மாவுக்குச் சேர் வந்தது. புது வேட்டிமேல் அண்ணன் ஒரு பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டார். பையன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தான். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால், சக்கரம் மேலும் கீழும் டொக் டொக்கென்று ஆடியது. பையனின் அம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "அட சாமி, இதுலயா கண்ணு என்னையக் கூட்டியாந்தே?" என்றார்.

பையனின் காரும் அண்ணனின் காரும் ஒரே மாடல். அண்ணன் தன் செங்கல் வண்டியைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார், உள்ளே போனார். லாக்கர் திறக்கும் சத்தம் கேட்டது. "நகையெல்லாம் இப்ப எதுக்குங்க? இன்னும் பேச்சே ஆரம்பிக்கல" என்று சரசக்கா பதறுவதும் கேட்டது. டர்க்கி டவல் மூட்டையோடு வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் பிரித்தார். மாமன் நகைதான் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே மஞ்சள் பொட்டு வைத்த பால் ஜாயிண்ட் இருந்தது.

பழையது கழல மறுத்தது. ஆளுக்கொரு சுத்தியலோடு அண்ணன் ஒருபக்கமும் பையன் ஒருபக்கமும் தட்டினார்கள். வீதியே கூடிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள் என்று பேக்கரி வரைக்கும் செய்தி போனது. ஒருவழியாகப் பழையது வெளியே வந்தது, புதியது பையன் வண்டியின் போல்ட்டோடே உள்ளே போனது, நட்டும் முறுக்கியாயிற்று. நட்டு கழலாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு சின்னக் கம்பியைச் சொருகி, இரண்டு காலையும் மடக்கிவிடவேண்டும். ஸ்ப்ளிட் பின் என்பார்கள். அதை அண்ணன் கையில் எடுத்த நேரம் பார்த்து பையனின் அம்மா, "ஏனுங்க, நாங்க பொண்ணப் பாக்க வந்தமுங்க. நாலரைக்கு ராகு காலம்" என்றார். மணி நாலேகால். பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் கை கழுவ ஓடினார்.

கவிதா வந்தாள், காபி கொடுத்தாள், பையனும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ராகு காலம் முடியட்டும் என்று ஆறு மணிவரை பேச்சு நடந்தது. நடுவில் அண்ணன் எழுந்து போய், நட்டின்மேல் மஞ்சள் பொட்டு வைத்து, சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கிவிட்டு வந்தார். கிளம்பும்போது மாமன், "உங்க அபிப்ராயம்?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றமுங்க" என்றார் அண்ணன். ஒன்பது பேருக்கும் அவர் சொன்ன வார்த்தை அது. கவிதா விருட்டென்று உள்ளே போய்விட்டாள். அவிநாசிக் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போவதாகச் சொல்லி அவர்களும் கிளம்பினார்கள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மூக்குக் கண்ணாடி எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்ட அண்ணன், அப்படியே நின்றுவிட்டார். உள்ளங்கையில் அந்தப் பின் இருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

"தம்பி, பின்னு போடாம பொட்டு வெச்சுப்போட்டேன்."

மாமனின் போன் அணைந்து கிடந்தது. கவிதா பையனின் நம்பருக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "வண்டி ஓட்டறப்ப அவரு போன் எடுக்க மாட்டாருங்கப்பா" என்றாள் அழுதுகொண்டே. அந்தப் பதற்றத்திலும் அண்ணன், "அது சரியான பழக்கந்தான்" என்று தலையாட்டினார். மகளுக்கு அந்தப் பழக்கம் எப்படித் தெரிந்தது என்று கேட்க மறந்துவிட்டார்.

"வண்டிய எடுங்க தம்பி" என்றார் என்னிடம்.

"அண்ணா, இது ரிஜெக்ட் ஆன வண்டி."

"இன்னைக்கு நானே ரிஜெக்ட்டுங்க. எடுங்க."

ஜாக்கியும் ஸ்பேனரும் போட்ட பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல்முறையாக என் ஸ்கூட்டரில் ஏறினார். அவிநாசி ரோட்டில் அவர் கை என் தோளை விடவே இல்லை. ஓரத்தில் எந்தக் கார் நின்றாலும் எட்டிப் பார்த்தார். கருமத்தம்பட்டி தாண்டியதும் காதருகே குனிந்து பேசினார்.

"தம்பி, பத்துப் பேரு வந்ததுல இந்தப் பையனுக்குத்தான் எம்புள்ள தானாப் பூ வெச்சுட்டு வந்தா. எனக்குத் தெரியாமயா இருக்கும்? தப்பான பீஸப் பாஸ் பண்ணிருவனோன்னு பயந்து பயந்தே எல்லாத்தையும் தள்ளிப்போட்டேன். இப்பப் பாருங்க, நல்ல பையன நானே கொன்னுருவேனாட்ட இருக்குது."

ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினேன். பின்சக்கரம் ஆடுகிறது என்று அவர் சொல்லவில்லை.

கோயில் தேருக்குப் பக்கத்தில் கார் முழுசாக நின்றுகொண்டிருந்தது. அண்ணன் இறங்கி அதன் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி கும்பிட்டுவிட்டு அவர்கள் வந்ததும், நேரே பையனின் அம்மாவிடம் போய்க் கை கூப்பினார்.

"அம்மா, தப்பு என்னுதுங்க. பின்னு போடாமயே அனுப்பிப்போட்டேன்."

"பொட்டெல்லாம் வெச்சீங்களே?" என்றார் மாமன்.

"அந்தப் பொட்டு பொய்யிங்க. இத்தன வருசத்துல நான் வெச்ச ஒரே பொய்ப் பொட்டு. இனி இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு நீங்க சொன்னாலும் நியாயந்தானுங்க."

பையன் செல்போன் விளக்கைப் பிடிக்க, அண்ணன் தெருவில் மண்டியிட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். நட்டு இம்மிகூட நகரவில்லை. ஆனாலும் பின்னைச் சொருகி மடக்கி, மூன்று முறை தொட்டுப் பார்த்தார். எழுந்து, தலை குனிந்து நின்றார்.

பையனின் அம்மா கையிலிருந்த பிரசாத இலையை நீட்டினார். "சத்தத்தக் கேட்டுக்கிட்டே என்னைய மூணு வாரம் ஏத்திட்டுச் சுத்துனது எம்பையன். துளியூண்டு கம்பிக்கு இத்தன தூரம் ஓடியாந்தது நீங்க. மொதல்ல சந்தனம் வெச்சுக்கோங்க சம்பந்தி."

அண்ணன் நெற்றியில் சந்தனத்தை வைத்துக்கொண்டு, என் ஸ்கூட்டர் கண்ணாடியில் குனிந்து பார்த்தார். கண் நிறைய தண்ணீர். "கொஞ்சம் கோணலா இருக்குதுங்களா தம்பி?" என்றார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை ஒரு புது பால் ஜாயிண்ட் வாங்கி வந்து கொடுத்தார். அண்ணன் அளந்து பார்த்துச் சிவப்புக் கோடு போட்டார். செங்கல் வண்டி கடைசிவரை செங்கல்மேலேயே நின்றது. போன ஐப்பசியில் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவிநாசிக்குப் போய்வந்த மறுநாள் காலை நான் ஸ்கூட்டரை எடுக்கப் போனபோது, மட்கார்டில் இருந்த சிவப்புக் கோட்டை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு மஞ்சள் பொட்டு, பெயிண்ட் காயாமல் இருந்தது. அந்த ஸ்கூட்டரைத் தள்ளிவிடச் சொல்லி வீட்டில் இன்றும் நச்சரிக்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். பின்சக்கரம் அன்றைக்கும் ஆடத்தான் செய்தது. அவருக்கும் அது தெரியும். அவர் வைத்த இரண்டாவது பொய்ப் பொட்டு அது, இந்த முறை தெரிந்தே, எனக்காக.