செல்லிக்கு ஒரு துணை

வீரம்மா கொழுந்து பறிக்கப் புறப்பட்டதுமே செல்லி கத்த ஆரம்பித்துவிட்டது. ஆட்டை வாங்கி வந்த நாளிலிருந்தே இந்தக் கூத்துதான். ஒரு வாய் புல் கடிக்கும், தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்க்கும், கத்தும்.

முழங்கால் வலியால் வேலையை விட்டு வீட்டோடு இருந்த அவள் கணவன் மூக்கனுக்குத் தலை சுற்றியது. அடுத்த வீட்டு லோஜன் பாடு இன்னும் மோசம். தேயிலைத் தொழிற்சாலையில் ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன்.

"மாமா, ஆடு மந்தையில இருக்கிற சீவன். மத்ததுக காவல் பாத்தாத்தான் ஒண்ணு தலையக் குனிஞ்சு மேயும். ஒத்தையில நின்னா சிறுத்தை வந்துருமோன்னு பயம். துணைக்கு ஒண்ணக் கொண்டாந்து கட்டுங்க" என்றான் லோஜன்.

மேல் லயத்து வரிசை வீட்டு அம்மாக்கண்ணுவிடம் ஓர் ஆட்டை இரவல் வாங்கி வந்து கட்டினான் மூக்கன். செல்லி கயிறு அறுந்துபோகிற மாதிரி பின்வாங்கிக் கத்தியது. அதைப் பார்த்து, வந்த ஆடும் கத்தியது.

"ஒண்ணு பத்தாது போல" என்று இன்னும் இரண்டைக் கொண்டுவந்தான். நாலும் சேர்ந்து கத்தின. கயிறுகள் பின்னிக்கொண்டன. அவிழ்க்கப்போன நேரத்தில் ஒன்று நழுவி, லோஜனின் கேரட் பாத்தியில் இறங்கிவிட்டது.

சாயந்தரம் லயமே மூக்கன் வாசலில் கூடிவிட்டது. ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். நடுவில் செல்லி நிம்மதியாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இந்த வாயில்லாச் சீவனையா குத்தம் சொல்றீங்க?" என்றாள் வேலை முடிந்து வந்த வீரம்மா.

"வாயில்லையா? நாங்க போனதும் பாருங்க அத்தை" என்றான் லோஜன்.

போனார்கள். செல்லி கத்தியது.

வீரம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மகள் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு அவள் 'தங்கம்' என்று கூப்பிடுவது இதை மட்டும்தான்.

"குடுத்தவங்ககிட்டயே விட்டுருவோங்க. நம்மகூட இருக்க அதுக்குப் புடிக்கல."

ஆட்டை விற்ற கினிகத்தேனை ஊர்க் கடைக்காரரின் மனைவி செரீபாவுக்கு மூக்கன் போன் போட்டு, நடந்ததையெல்லாம் ஒப்பித்தான்.

"ஆடுகளையா கொண்டாந்து கட்டுனீங்க?" என்றாள் செரீபா. "பாவம், பயந்து போயிருக்கும் அண்ணே. தாய் செத்ததுல இருந்து அது எங்க கடைக்குள்ள, வர்ற போற சனங்களுக்கு நடுவுலதான் வளந்துச்சு. அதுக்கு மந்தைன்னா நாமதான்."