மேட்டுப்பாளையத்தில் சாது, ரெட்டியார்பாளையத்தில் புகை

சேசு மரி சூசை

ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.
நவம்பர் 2004, வியாழன்

மரியாதைக்குரிய மச்சான் அந்தோணி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் சவரிராயலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அமலோற்பவமும் சுகம். அங்கே தாங்களும் மருமகள் ஜாஸ்லினும் சுகமாக இருக்க வேண்டுமென்று இரவு செபத்தில் தவறாமல் வேண்டிக்கொள்கிறோம். குளிருக்குத் தலையில் குல்லா போட்டுக்கொள்ளவும். மழை விட்டுவிட்டது, தென்னை மரங்கள் நிற்கின்றன, உங்கள் வீட்டு வாடகைக்காரர் ஒழுகுகிறது என்று சொன்னதைப் பார்த்து ஓடு மாற்றியாயிற்று. ஆக எல்லாம் சுகம், உங்கள் காரைத் தவிர.

அந்தக் காரைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். நீங்கள் பிரான்சுக்குக் குடிபோகும்போது, "ரெண்டு வருஷம் பாத்துக்க சவரி, வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லி என் வாசலில் நிறுத்திவிட்டுப் போன அம்பாசிடர் இன்னமும் அதே வாசலில்தான் நிற்கிறது. வரும் டிசம்பரோடு அதற்குப் பதினைந்து வயசு முடிகிறது. மறுபடி பதிவு செய்தால்தான் ரோட்டில் ஓட்டலாம். மறுபடி பதிவு செய்ய டிரான்ஸ்போர்ட் ஆபீசில் முதலில் புகை சர்டிபிகேட்டைக் கேட்கிறார்கள். சாதாரண நாளாக இருந்தால் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஜனவரியில் ஜாஸ்லின் கல்யாணம். அவள் போனில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாமா, அம்மா ஓட்டின கார்லதான் நான் கோயிலுக்குப் போவணும்." அவள் அம்மா, தங்கச்சி ஞானமேரி, இந்தத் தெருவில் அந்தப் பெரிய வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு பூசைக்குப் போனதை நானும் பார்த்தவன்தான். இன்று அவள் இல்லை. பெண் கேட்கிறாள். முடியாது என்று எந்த வாயால் சொல்வது? ஆகட்டும் என்றுதான் சொன்னேன். அன்று பிடித்தது சனி.

ஏப்ரல் தொடக்கத்தில், ஈஸ்டருக்கு முன்னால், புகை டெஸ்ட்டுக்குப் போனபோது ஒரு வார்த்தை பேசாமல் பாஸ் ஆன கார் இது. அந்தத் தெம்பில் இந்தத் தடவை காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு சாவகாசமாகப் போனேன். விழுப்புரம் ரோட்டில் பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் வேனை நிறுத்திக்கொண்டு பிரேம்குமார் என்ற பையன் டெஸ்ட் பண்ணுகிறான். நான் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவன் பின்னால் குழாயைச் செருகினான், வேனுக்குள் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தான், வெளியே வந்து என்னைப் பார்த்தான், மறுபடி உள்ளே போனான். டாக்டர்கள் இப்படிச் செய்தால் என்ன அர்த்தமோ அதேதான். கார்பன் மோனாக்சைடு இருக்க வேண்டிய அளவைப்போல இரண்டு பங்குக்கு மேல் என்றான். நான் உன் மெஷின் சரியில்லை என்றேன். அவன் பின்பக்கம் கையைக் காட்டினான். வெள்ளை உடுப்போடு சைக்கிள் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த கன்னியாஸ்திரி ஒருவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். சபிக்கவில்லை, ஆனால் ஆசீர்வதிக்கவும் இல்லை.

எதிர்வீட்டு நாராயணசாமி, பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருப்பான், டேங்க்கைக் காலி பண்ணுங்கள் என்றார். அவர் ஸ்கூட்டர்கூட வைத்திருந்ததில்லை, ஆனால் யோசனைக்குக் குறைவில்லை. நானும் ரப்பர் குழாயைப் போட்டு வாயால் உறிஞ்சி, அரை வாய் குடித்து, மீதியை அவசரத்தில் கைக்குக் கிடைத்த பால் தூக்கில் பிடித்தேன். அந்தத் தூக்கை அமலோற்பவம் எத்தனை தேய்த்தும் வாசனை போகவில்லை. ஒரு வாரம் எங்கள் வீட்டுக் காப்பியைக் குடித்தவர்கள் அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்தார்கள். புதுப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு போனேன். அதே புகை, அதே பிரேம்குமார், அதே முகம்.

பிறகுதான் மேட்டுப்பாளையம் எஸ்டேட்டில் ஷெட் வைத்திருக்கும் சக்கரபாணியிடம் போனேன். நல்ல மனுஷர், வைணவர், பக்திமான். நீங்கள் ஈஸ்டருக்கு ஆள்வசம் கொடுத்தனுப்பிய தங்கச்சியின் செபமாலை காரில் இருக்கிறதல்லவா? முதலில் அதைப் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியில்தான் மாட்டினோம். லூர்து மாதா கோயில் மாலை, மணி ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு, அந்தக் கனத்துக்குக் கண்ணாடி கழன்று என் மடியில் விழுந்தது. அதனால் அமலோற்பவம் டாஷ்போர்டில் ஒரு குமிழில் தோதாக மாட்டிவைத்தாள். சக்கரபாணி எஞ்சினைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவி, அந்த மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார். பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார். எஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாய் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து எடுத்துக் காட்டினார். துணி துவைத்துப்போட்ட மாதிரி இருந்தது. மாலையைச் சுத்தமான காகிதத்தில் மடித்து, "அம்மா கையில குடுங்க சார், நான் தொட்டு மாட்டக் கூடாது" என்று என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தேன். அமலோற்பவம் மாலையை வாங்கி, முத்தம் செய்து, பழைய இடத்திலேயே மாட்டி, ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி என்னை அனுப்பினாள். பெட்ரோல் பங்கு வரைக்கும்கூடப் போகவில்லை, பின்னால் வந்த பஸ்காரன் என்னைப் பெயர் சொல்லாமல் திட்டினான். டெஸ்ட்டில் பழையபடி ஃபெயில்.

சக்கரபாணியிடம் திரும்பிப் போய்ச் சத்தம் போட்டேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. கார்புரேட்டரை மொத்தமாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, புதுக் கிட் போட்டு, மறுபடி கைக்குட்டை, மறுபடி வெள்ளை. மறுபடி மாலை காகிதத்தில் வந்தது, அமலோற்பவம் மாட்டினாள், நான் போனேன், ஃபெயில் ஆனேன். இந்தத் தடவை சக்கரபாணி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "எங்கிட்ட இருக்கற வரைக்கும் நல்லாத்தான் ஓடுது. உங்க வூட்டுக்கும் என் ஷெட்டுக்கும் நடுவுல வண்டிக்கு என்னமோ ஆவுது சார்" என்றார். நான் என்னவோ வழியில் நிறுத்தி டேங்க்கில் கரி அள்ளிப்போடுகிறவன் மாதிரி. கோபத்தில் டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். மச்சான், வயசில் மூத்தவர், மன்னிக்க வேண்டும், அன்றைக்கு நீங்கள் பேசிய பேச்சை என்னால் மறக்க முடியவில்லை. அங்கே கொந்த்ரோல் தெக்னிக் என்று வண்டிச் சோதனை ஒன்று உண்டு, காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் காப்பி குடிப்பதற்குள் முடிந்துவிடும் என்றீர்கள். பெரிய மனுஷன் நீங்கள் சொன்னால் சரிதான், ஆனால் நான் இங்கே குடித்த காப்பியில் பெட்ரோல் அல்லவா கலந்திருந்தது. அதற்குமேல், எஞ்சினை நீ ஒழுங்காக வைத்திருக்கமாட்டாய், நீ எப்போதுமே அசட்டை என்று வேறு சொன்னீர்கள். வாரா வாரம் துடைத்து, காற்றுப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டி, மழைக்குத் தார்ப்பாய் போட்டவன் நான். என் சொந்த மோட்டார் பைக்கை நான் இப்படி வைத்துக்கொண்டதில்லை.

கடைசித் தடவை டெஸ்ட்டுக்கு உங்கள் தங்கையும் கூட வந்தாள். ஃபெயில் ஆனதும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் இரங்கி, குழாயைப் பக்கத்தில் நிற்கும் மாருதியில் செருகி எடுத்தால் உங்கள் நம்பருக்குச் சீட்டு வந்துவிடும், ஊரில் எல்லாரும் செய்வதுதான் என்று வழி சொன்னார். பிரேம்குமார் காதில் விழாத மாதிரி வானத்தைப் பார்த்தான். நான் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டேன் என்பது உண்மை. ஆனால் உங்கள் தங்கை முன்சீட்டிலிருந்து மாலையைக் காட்டி, "அண்ணி மால இங்க தொங்குது. இத வச்சிக்கினு திருட்டுச் சீட்டு வாங்குவீங்களா?" என்று கேட்டாள். வாங்கவில்லை.

ஆகவே மச்சான், நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சக்கரபாணி, மிச்சம் இருப்பது எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டன் ரிங் பார்ப்பதுதான், அது கல்யாணத்துக்குள் முடியாது என்கிறார். சேதராப்பட்டு ரோட்டில் பழைய இரும்பு வாங்கும் சாமிக்கண்ணுவிடம் சொல்லிவிட்டேன். நாளை வெள்ளிக்கிழமை காலையில் வந்து ஓட்டிக்கொண்டு போவார். கல்யாணத்துக்கு ஏ.சி. வைத்த நல்ல காராக வாடகைக்குப் பிடித்துப் பூ அலங்காரம் செய்துவிடுகிறேன். ஜாஸ்லினுக்கு நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தோஷம் என்று நினைக்காதீர்கள். நேற்று முழுக்க அமலோற்பவம் என்னோடு பேசவில்லை, நானும் காரைப் பார்க்காமலிருக்கப் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன். சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் முடிவு முடிவுதான், இதில் இனி மாற்றமில்லை, தயவுசெய்து போனிலும் வற்புறுத்த வேண்டாம்.

திருக்குடும்பம் தங்களையும் ஜாஸ்லினையும் வரப்போகும் மாப்பிள்ளையையும் நிழலாக நின்று காக்கட்டும். வரும்போது அமலோற்பவத்துக்கு மூட்டுவலித் தைலம் கொண்டுவரவும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மைத்துனன்,
ஆ. சவரிராயலு

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இன்று வெள்ளிக்கிழமை மாலை. கார் பாஸ் ஆகிவிட்டது.

காலையில் சாமிக்கண்ணு வந்தார். உங்கள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், "அண்ணி மால இரும்புக் கடைக்குப் போவக் கூடாது" என்று சொல்லி மாலையைக் கழற்றிக்கொண்டு, நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குமிழை உள்ளே தள்ளிவிட்டு இறங்கினாள். சாமிக்கண்ணு வண்டியை எடுத்தார். மனசு கேட்காமல் நான் பைக்கில் பின்னாலேயே போனேன். ஒரு பொட்டுப் புகை இல்லை. பங்கு வந்ததும் குறுக்கே பைக்கை நிறுத்தி மறித்து, காரைப் பிரேம்குமாரிடம் விட்டேன். அவன் நம்பாமல் இன்னொரு தரம் குழாயைச் செருகிப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தான். சாமிக்கண்ணு நல்லவர், ஒரு டீயோடு பெருந்தன்மையாகத் திரும்பிப் போனார்.

வீட்டுக்கு வந்து, அந்தக் குமிழை எதற்கு இழுத்து வைத்திருந்தாய் என்று கேட்டேன். உள்ளே இருந்தால் மாலை வழுக்கி விழுகிறது, நன்றாக இழுத்து விட்டால் கம்பியில் உட்காருகிறது என்று செய்து காட்டினாள். மச்சான், அது சோக். குளிர்ந்து கிடக்கிற எஞ்சினைக் கிளப்புவதற்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற குமிழ். நம்ம ஊர் வெயிலில் அதை யார் இழுத்தார்கள்? அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோச்சு. ஈஸ்டரிலிருந்து கார் சோக்கிலேயே பெட்ரோலைக் குடித்துக் கரியைத் துப்பிக்கொண்டிருந்திருக்கிறது. சக்கரபாணியிடம் சொன்னேன். "மாலைய எடுக்கும்போது கை தானா உள்ள தள்ளியிருக்கும் சார், சாமி சமாச்சாரம்னு உத்துப் பாக்கல" என்று அவரே சிரித்துவிட்டார்.

இதையெல்லாம் அமலோற்பவத்திடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாதா புதுமைங்க. இரும்புக் கடைக்குப் போன வண்டிய அண்ணி திருப்பிக் கொணாந்துட்டாங்க" என்றாள். நன்றிக்கு வில்லியனூர் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, சற்று முன்னால், செபமாலையைப் பழைய இடத்திலேயே குமிழை நன்றாக இழுத்து மாட்டியிருக்கிறாள். அவள் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தைப் பார்த்தபிறகு எனக்கு வாய் வரவில்லை.

ஜாஸ்லின் அம்மா காரிலேயே கோயிலுக்குப் போகலாம். ஆனால் மாலையைக் கொடுத்தனுப்பியவர் நீங்கள், மாட்டியவள் உங்கள் தங்கை. ஜனவரியில் வந்து இறங்கியதும், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால், மாலையை வேறு இடத்தில் மாட்டும்படி அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அதுவரைக்கும் கார் இப்படியேதான் புகைந்துகொண்டு போகும். யாராவது கேட்டால் காட்ட சர்டிபிகேட் இருக்கிறது.